சாக்குக்குள் இருந்த தலை

“எம்பத்தி மூணு நாளு, தங்கையா! எண்ணிக்கிட்டே இருந்தோம் லா. எலும்பா வந்து நிக்கிறியே!”

ராமாத்தாள் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

பகல் ஒரு மணி. மற்ற பெண்கள் ஸ்டோரில் ரப்பர்ப் பாலை நிறுத்து ஊற்றிவிட்டு லயத்து வீடுகளுக்குப் போயிருந்தார்கள். குழாயடியில் ராமாத்தாளும் குஞ்சம்மாவும் மட்டும் வாளி கழுவிக்கொண்டிருந்தார்கள். தங்கையா அன்று காலையில்தான் தடுப்பு முகாமிலிருந்து விடுதலையாகி, சிம்பாங் அம்பாட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, தோட்டத்துக்கு நடந்தே வந்திருந்தான்.

“எண்ணுனது நீங்களாக்கா, பக்கத்துல நிக்கிறவங்களா?” என்றான்.

குஞ்சம்மா கழுவி முடித்த வாளியையே மறுபடி தேய்த்தாள்.

“இவளா? காலையில பெரட்டுல பேரு கூப்ட்டா இவளுக்கும் சேத்து நான்தான் ‘இருக்கா’ன்னு கத்துறேன். கல்யாணத்துக்கும் நானே சம்மதம் சொல்லிரவா?”

அது உண்மைதான். நாய், இடி, துரையின் ஜீப் எல்லாமே குஞ்சம்மாவுக்குப் பயம். யாராவது கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தங்கையா ராமாத்தாள் மூலம் பெண் கேட்டு நான்கு மாதம் ஆகிறது. அவளுக்கும் பிடித்திருந்தது. அதைச் சொல்லத் தைரியம் சேர்ப்பதற்குள் போலீசார் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“அந்தப் பதில அப்புறம் வாங்கிக்கிறேன். மொதல்ல காளிமுத்துவப் பாக்கணும்.”

அப்போதுதான் குஞ்சம்மா அவன் கையைப் பார்த்தாள். முழ நீளத்துக்கு ஒரு ரப்பர்க் கட்டை.

“என்னா தம்பி இது?” என்றாள் ராமாத்தாள்.

“எங்க எழுவது பேரையும் பெரட்டுக் களத்துல ஒவ்வொருத்தனா நடக்க விட்டானுங்க. சுத்தி மத்தா-மத்தா போலீசு, துப்பாக்கியோட. நடுவுல நாக்காலியில அந்தத் தலையாட்டி. மூஞ்சிக்குக் கோணிச் சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, மேல காக்கிக் கோட்டு. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டு ஆளுங்களுக்கு அரிசி குடுத்தவன் வந்தா தலைய ஆட்டணுமாம். அறுவத்தொம்பது பேருக்கு ஆடாத தலை எனக்கு ஆடிச்சி. ஒரு புடி அரிசி நான் யாருக்காவது குடுத்திருப்பனாக்கா?”

“அது காளிமுத்துன்னு...”

“தோட்டத்துல அன்னிக்கு வரிசையில இல்லாத ஆம்பள அவன் ஒருத்தன்தான். பல்லு புடுங்க மலாக்காவுக்குப் போனானாம். மிச்சப் பல்ல நான் புடுங்கிர்றேன்.”

ராமாத்தாள் மறுக்கவில்லை. தோட்டமே அப்படித்தான் நம்பியது. காளிமுத்துவோடு யாரும் பேசுவதில்லை. அவன் மனைவி தண்ணீர் பிடித்துப் போன பிறகு, அடுத்து வருகிறவர்கள் குழாயைக் கழுவிவிட்டுத்தான் குடத்தை வைத்தார்கள். குஞ்சம்மாவும் கழுவியிருக்கிறாள். நேற்றுகூட.

“அடிச்சா திரும்ப உள்ள போட்ருவாங்க லா,” என்றாள் ராமாத்தாள்.

“போடட்டும். செய்யாத தப்புக்கு எம்பத்தி மூணு நாளு. செஞ்ச தப்புக்கு இருக்க மாட்டனா?”

அவன் லயத்துப் பக்கம் திரும்பி நடந்தான். பத்து அடி. இருபது அடி.

“அவரு இல்ல!”

ராமாத்தாள் திடுக்கிட்டாள். அந்தக் குரலை அவள் அவ்வளவு சத்தமாகக் கேட்டதே இல்லை.

தங்கையா நின்றான். “என்னா சொன்ன?”

“காளிமுத்தண்ணன் இல்ல.” குஞ்சம்மா குழாயைப் பிடித்துக்கொண்டாள். “அது ஆம்பளயே இல்ல. நான்தான்.”

“ஏய், ஒனக்கு என்னாடி ஆச்சி?” ராமாத்தாள் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “அன்னிக்கு நீ ஒங்க அக்கா வூட்ல, உம்பாய்லல்ல இருந்த!”

“ஆபீஸ் கிராணி அப்படிச் சொல்லச் சொன்னாருக்கா. நான் பால் வெட்டுற நெரையில ஒருத்தன் அரிசிப் பொட்டலத்த வச்சிட்டு ஓடுனான். முதுகுதான் தெரிஞ்சிச்சி. பயந்துபோயி கிராணிகிட்ட சொல்லிட்டேன். ஸ்டேஷன்ல ரெண்டு நாளு வச்சிருந்தாங்க. மூணாம் நாளு சாக்கப் போட்டுக் கூட்டியாந்தாங்க.”

தங்கையா திரும்பி வந்தான். கட்டை இன்னும் கையில்தான் இருந்தது.

“முதுகுதான் தெரிஞ்சிச்சின்னா மூஞ்சியப் பாத்து ஏன் ஆட்டுன? நான் ஒனக்கு என்னா செஞ்சேன்? பொண்ணு கேட்டேன். புடிக்கலன்னா அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“யாருக்கும் ஆட்டக் கூடாதுன்னுதான் ஒக்காந்திருந்தேன்.”

“எனக்கு ஆட்டுனியே!”

ராமாத்தாள் குஞ்சம்மாவை விட்டு ஓரடி விலகி நின்றாள்.

ஓடிவிடலாம் என்று குஞ்சம்மாவுக்குத் தோன்றியது. ஓடவில்லை. அவமானத்தில் காது வரை கொதித்தது. முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஆட்டலீங்க,” என்றாள். “நீங்க நடந்து வந்து நேரா என்னப் பாத்தீங்க. பொண்ணு கேட்டவரு பாக்குறாரேன்னு, வெக்கத்துல தலையக் குனிஞ்சிட்டேன்.”