முதுகைக் காட்டிய டிவி

ஷூவின் மேல்தோலான அப்பரின் ஒரே ஓட்டையில் இரண்டு ஊசியையும் எதிரெதிராக விட்டு, நூலை வெடுக்கென்று இழுத்தாள் கெசியா. உட்கார்ந்திருந்தது தன் வீட்டு வாசற்படியில். கண் மட்டும் எதிர் வீட்டில்.

எதிர் வீட்டு ஹலீமா பீ வழக்கம்போல கதவை விரியத் திறந்து, டிவியைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்து, சத்தத்தையும் ஏற்றிவிட்டிருந்தார். மத்தியான சீரியல் தெரு முழுக்க அழுதது.

"தினம் இதே பேஜார்" என்றாள் கெசியா, சாப்பாட்டுக்கு வந்திருந்த புருஷன் ஜெபசீலனிடம். "டிவி வாங்கினா வூட்டைப் பாத்து வைக்கணும். தெருவைப் பாத்தா வைப்பாங்க? எங்க வூட்ல டிவி இருக்குன்னு ஊருக்கே பீத்திக்கணும்."

"நீ ஏன் அங்க பாக்குற?"

"நான் எங்க பாக்குறேன்? கண்ணு தானா போவுது."

ஜெபசீலன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான். "சீரியல்ல அந்த மருமவ வூட்டை வுட்டுப் போய்ட்டாளா?"

"நேத்தே போய்ட்டா. நகையை ஒளிச்சு வச்சதே மாமியார்தான்னு இன்னும் யாருக்கும் தெரியாது." மூச்சு விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜெபசீலனுக்குப் புரையேறியது.

"சிரிங்க, சிரிங்க. கிறிஸ்துமஸுக்கு நம்ம வூட்டுக்கும் டிவி வருதில்ல? அவங்களுதைவிடப் பெருசா வரணும். ஒரு நாளாவது அந்த வூட்டை நான் நிமிர்ந்து பாக்கணும்."

சனிக்கிழமை சாயங்காலம் ஆம்பூர் கடைத்தெருவுக்குப் போனார்கள். கடைச் சுவர் முழுக்க டிவி. இருபது டிவியிலும் ஒரே பொம்பளை ஒரே சோப்பைப் போட்டுக் குளித்தாள். கெசியாவுக்கு வெட்கமாகப் போய், ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"புதுசா வந்திருக்கிற ஃபிளாட் டிவி சார்" என்றான் கடைக்காரன். "பழசு மாதிரி கண்ணாடி உப்பலா இருக்காது. சுவரு மாதிரி நேரா இருக்கும்."

ஜெபசீலனுக்குத் தோல் கம்பெனியில் செலக்‌ஷன் வேலை. தினமும் ஆயிரம் தோலைத் தடவி, இது ஃபர்ஸ்ட், இது செகண்டு, இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுகிற கை. அந்தக் கை சும்மா இருக்குமா? டிவிக் கண்ணாடியை மேலிருந்து கீழே தடவியது. குனிந்து, ஒரு கண்ணை மூடி, சாய்த்துப் பார்த்தான்.

"மூலையில ஒரு கீறல் இருக்கு. ரிஜெக்ட்."

"சார், அது என் தலைமுடி சார்" என்று கடைக்காரன் ஊதிவிட்டான்.

கெசியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். வெளியாளிடம் பேச அவளுக்குக் கூச்சம். கேட்க வேண்டியதையெல்லாம் புருஷன் காதில்தான் கேட்டாள்.

"முன்னாடி வயிறு இல்லைன்றாரு. பின்னாடி மட்டும் ஏங்க இவ்ளோ தொப்பை?"

ஜெபசீலன் அதை அப்படியே சத்தமாகக் கேட்டான். கடையே சிரித்தது.

அவள் மறுபடி காதில் சொன்னாள். "சத்தம் ஜாஸ்தியா வருமான்னு கேளுங்க."

"எதிர் வூடு வரைக்கும் கேக்கும்மா" என்றான் கடைக்காரன்.

"அதான் வேணும்."

சொன்னது தன் வாய்தான் என்று கெசியாவுக்கே கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது. அந்த டிவியே முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சிலிருந்து வரவும் டிவி வந்து இறங்கவும் சரியாக இருந்தது. உள்ளே விரித்திருந்த கோரைப்பாயைப் பார்த்தாற்போல ஸ்டூலில் ஏற்றி, கேபிளைச் சொருகினார்கள். பாயசத்துக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஓடி வந்த கெசியா, சத்தத்தை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்றினாள். பிறகு வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, எதிர் வீட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

அங்கே கரகரவென்று ஏதோ இழுபடும் சத்தம். ஹலீமா பீயும் அவர் வீட்டுக்காரர் நிசார் அஹமதும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிவி ஸ்டாண்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். தெருவுக்கு இப்போது டிவியின் முதுகுதான் தெரிந்தது.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்களேன்" என்று புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நம்ம டிவி வந்து அரை மணி நேரம் ஆவல. அதுக்குள்ள வயித்தெரிச்சல். மூஞ்சைத் திருப்பி வச்சுட்டாங்க." சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஜெபசீலன் பதில் சொல்வதற்குள் ஹலீமா பீ தெருவைத் தாண்டி வந்துவிட்டார். கையில் தட்டு நிறைய மக்கன் பேடா இனிப்பு.

"எடுத்துக்கோ கெசியா. டிவி ஜோரா இருக்கு. இனிமே உள்ளயே உக்காந்து, ஃபேன் காத்துல தைச்சிக்கினே பாரு."

கெசியா தட்டை வாங்கிக்கொண்டு விழித்தாள்.

"எத்தினி வாட்டி கூப்ட்டேன், உள்ள வந்து பாரும்மான்னு? கூச்சப்பட்டுக்கினு படியைத் தாண்டவே மாட்டேன்னுட்ட. ஒரு நாளு எங்க வூட்டை எட்டி எட்டிப் பாத்து, ஊசியை விரல்லயே ஏத்திக்கின. அன்னிக்கே இவருகிட்ட சொல்லி டிவியைத் தெருவைப் பாக்கத் திருப்பிட்டேன்." ஹலீமா பீ தன் வீட்டைக் காட்டிச் சிரித்தார். "பாவம் மனுஷன், நாலு வருஷமா பக்கவாட்டுல உக்காந்து நியூஸ் பாத்துப் பாத்துக் கழுத்தே கோணிப்போச்சு. இன்னிக்குத்தான் எங்க டிவியை நேரா பாக்குறாரு."

கெசியா தட்டைப் படியில் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெசியா, பால் பொங்குது, ஓடியா" என்று அதற்குள் உள்ளே போயிருந்த ஜெபசீலன் கூப்பிட்டான்.

"தோ வர்றேன். அக்கா, நீங்க போயிடாதீங்க, உக்காருங்க. இத்தினி நாளா நான் உங்களைப் போயி தப்பா நெனச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள் கெசியா.