வஞ்சிர வழக்கு

"மீனால அடிச்சதுக்கெல்லாம் ஒரு எஃப்.ஐ.ஆரா மேடம்?"

வல்லரசு கேட்ட கேள்வியில் வக்கீல் ஷெர்லினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சின்ன மீனா அது? ஆளுயர வஞ்சிரம்னு புகார்ல எழுதியிருக்காரே."

"ஆளுயரம்லாம் இல்ல மேடம். என் கை நீளம் இருந்தா பெரிசு."

நடந்தது இதுதான். காசிமேட்டு ஏலத்தில் வல்லரசு தன் மீன் வண்டியைப் பின்னால் எடுக்க, சக்கரம் மண்ணாங்கட்டியின் இறால் கூடை மேல் ஏறிவிட்டது. மண்ணாங்கட்டி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வாயைத் திறந்தால் ராயபுரம் வரை கேட்கும். அவர் திட்ட, இவன் திட்ட, காசிமேட்டில் யார் கோபத்தை ஐஸ் போட்டு வைக்கிறார்கள்? வல்லரசு கைக்கு அகப்பட்டதை எடுத்து அவர் முதுகில் ஒரு போடு போட்டான். அகப்பட்டது வஞ்சிரம்.

ஏட்டு எபினேசர் வந்து "ஆயுதம் எங்கப்பா?" என்று கேட்பதற்குள் அது ஏலம் போய், யார் வீட்டுக் குழம்பிலோ கொதித்துக்கொண்டிருந்தது.

ஊருக்குச் சிரிப்பு. வல்லரசுக்கு வயிற்றெரிச்சல். சரக்குக் கப்பலில் சமையல் உதவியாள் வேலை அவனுக்குக் கைக்கு எட்டியிருந்தது. இந்த எஃப்.ஐ.ஆரால் போலீஸ் விசாரணையில் பாஸ்போர்ட் நின்றுபோனது.

தங்கை மகிழினி டீக்கடைக்கே போய் மண்ணாங்கட்டியிடம் கெஞ்சினாள்.

"அண்ணனுக்குக் கப்பல் வேலை வந்துகீது மாமா. கேஸ வாபஸ் வாங்கிக்க."

"வாபஸா? மீனால அடி வாங்கிக்கினு கம்முனு பூட்டான்னு காசிமேடே சிரிக்கும். உங்கண்ணன் கம்பி எண்ணாம நான் ஓய மாட்டேன்" என்று நாலு பேர் கேட்க முழங்கினார் அவர்.

"இன்னா கல்லு மனசு பாரு" என்று, தங்கை வந்து சொன்னதைக் கேட்டு வல்லரசு பல்லைக் கடித்தான்.

ஷெர்லின்தான் தெம்பு சொன்னார்.

"இந்த மாதிரி சின்னக் குற்றத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டாகணும். போடலைன்னா, ஐகோர்ட்ல எஃப்.ஐ.ஆரையே ரத்து பண்ணக் கேக்கலாம்."

"போடாமயா உடுவாங்க?"

"அடிபட்டவர் வாக்குமூலம் கொடுத்தா மறுநாளே போட்டுடுவாங்க. அதுதான் பயம்."

ஆனால் வல்லரசுக்கு யோகம் இருந்தது. வாக்குமூலம் வாங்க ஏட்டு எப்போது போனாலும் மண்ணாங்கட்டி வீட்டில் இல்லை. "கடலுக்குப் பூட்டாரு" என்பாள் மனைவி கெங்கம்மா. பொங்கலுக்குப் போனாலும் கடல், பெருமழையில் போனாலும் கடல். ஏட்டும் அதையே எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். கெடு ஓடியே போனது.

ஐகோர்ட்டில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"வருஷம் பூரா ஒருத்தர் கடல்லயேவா இருப்பார்?"

போலீஸ் தரப்பு வக்கீல் ஏட்டின் குறிப்புகளைப் புரட்டினார். பின்வரிசையில் யாரோ சிரிக்க, கோர்ட்டே சிரித்தது. எஃப்.ஐ.ஆர். ரத்து.

வல்லரசுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே வந்ததும் அவன் செய்த முதல் வேலை, நீளமான சரவெடி ஒன்று வாங்கியது.

"எதுக்குத் தம்பி? ஜெயிச்சாச்சு, பேசாம வீட்டுக்குப் போங்க" என்றார் ஷெர்லின்.

"என்னைக் கம்பி எண்ண வெக்கிறேன்னாரு மேடம். அவரு வூட்டு வாசல்ல இத்தக் கொளுத்தினாதான் எனக்குச் சோறு எறங்கும்."

மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சரவெடியை மாலையாகப் போட்டுக்கொண்டு நடந்தவனைப் பார்த்து, வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூப்பிட்டார்கள்.

"இன்னா நைனா, யாருக்குக் கல்யாணம்?"

"எனக்கு விடுதலை" என்றான் வல்லரசு.

மண்ணாங்கட்டி வாசலில் சரத்தை வளைத்து வளைத்து விரித்தான். சம்பந்தப்பட்டவர் பார்க்காமல் வெடித்து என்ன லாபம்? கதவைத் தட்டினான்.

கதவு திறக்கவில்லை. மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் கெங்கம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"அவரு கடலுக்குப் பூட்டாரு ஏட்டையா."

வல்லரசு தீக்குச்சியும் கையுமாக நின்றான். தடைக்காலத்தில் எந்தப் படகு கடலுக்குப் போகும்? போன வருஷத் தடைக்காலத்திலும் இதே பதிலைத்தானே ஏட்டு எழுதிக்கொண்டு போனார்?

தீக்குச்சியைக் கீழே போட்டான்.

"ஏட்டு இல்லக்கா, நான் வல்லரசு. கேஸு ரத்தாயிடுச்சு."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"நெசமாவா? அப்போ பையன் கப்பலுக்குப் போலாமா?" என்றது மண்ணாங்கட்டியின் குரல். "கெங்கம்மா, நான் கரைக்கு வந்துட்டேன்னு சொல்லு."