கை தூக்கினால்

“கை தூக்கினா நிறுத்துறேன்னு சொன்னீங்களே டாக்டர், ஏன் நிறுத்தல?”

வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் நடந்த பல் முகாம். பதிலுக்கு அடுத்த பிள்ளையின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடம் அவள் எந்தப் பல் டாக்டரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அவளுக்குச் சொந்தமாக ஒரு பேக்கரி இருக்கிறது. கொதிக்கிற அடுப்புக்குள் கையை முழங்கை வரை விட்டு ரொட்டித் தட்டை இழுக்கிறவள். அப்படிப்பட்டவள் இந்தப் பல் ஆஸ்பத்திரி நாற்காலியைப் பார்த்ததும் இரண்டு முறை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருக்கிறாள்.

கன்னம் வீங்கி, நாலு நாளாகக் கஞ்சிகூட இறங்காமல், இன்று மூன்றாம் முறை வந்திருக்கிறாள். இன்றும் ஓடினால் சீழ் கழுத்துக்கு இறங்கிவிடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

பயமே இல்லாதவர்கள் வந்து உட்காருவதில் என்ன இருக்கிறது? இவ்வளவு பயத்தையும் சுமந்துகொண்டு திரும்பத் திரும்ப வருகிறாளே, அதைத்தான் டாக்டர் மனத்துக்குள் கும்பிட்டார்.

கூட வந்த தம்பிக்கு அந்த மரியாதை எல்லாம் இல்லை. “அக்கா, இந்தத் தடவை நான் துரத்த மாட்டேன். கடையை என் பேருக்கு எழுதி வச்சிட்டு ஓடு.”

பயத்தைத் தணிக்க மூன்று வழி சொன்னார் டாக்டர். மூக்கு வழியாக இழுக்கும் வாயு. ஒரு மணி நேரம் முன்னதாக விழுங்கும் மாத்திரை. கை நரம்பில் ஏற்றும் மருந்து. கடைசியில் சொன்னதில், கேட்டால் பதில் சொல்லும் அளவுக்கு விழிப்பு இருக்கும். ஆனால் நடந்தது எதுவும் பிறகு நினைவில் நிற்காது.

அவளுக்கு அதுதான் பிடித்தது. பிடித்த கையோடு சந்தேகமும் வந்தது.

“நினைவே இருக்காதுன்னா, கை தூக்கினப்போ நீங்க நிறுத்தினீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதும்மா. ஆனா நிறுத்துவேன்.”

முகமூடிக்கு மேலே தெரிந்த நரைத்த புருவத்தையும் கண்களையும் அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

மருந்து ஏறியது. ஈறு நன்றாக மரத்துவிட்டதா என்று டாக்டர் இரண்டு முறை சோதித்தார். இடது கை விரலில் பிராணவாயுவின் அளவைக் காட்டும் கிளிப். வலது கை மடியில்.

அந்த வலது கை ஐந்து முறை எழுந்தது.

ஐந்து முறையும் டாக்டர் கருவியை வாயிலிருந்து வெளியே எடுத்தார். வலிக்கிறதா என்று கேட்டார். வலியில்லை, பயம் என்று அவள் குழறினாள். கை தானாக இறங்கும்வரை நின்றார். ஆரம்பிக்கலாமா என்று கேட்டு, அவள் தலையசைத்த பிறகே மறுபடி குனிந்தார்.

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். “டாக்டர், இன்னும் ஒரே ஒரு அசைவுதான். இவங்களுக்கு இதெல்லாம் நினைவிருக்கவா போகுது?”

“இவங்களுக்கு இருக்காது” என்றார் டாக்டர்.

இந்த மனிதரோடு பதினொரு வருடம் வேலை பார்த்ததில் நர்ஸுக்கு எரிச்சலும் உண்டு, பெருமையும் உண்டு. தையல் நூல் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

எடுக்கவேண்டியது முழுப் பல் அல்ல. பழைய வேர்த்துண்டு ஒன்று, உளுந்து அளவுதான் இருக்கும். அது இப்போது இடுக்கியில் சிக்கிவிட்டது. லேசாக ஒரு இழு இழுத்தால் வந்துவிடும்.

எக்ஸ்ரேயில் அதைப் பார்த்து, அந்த முகாமைப் பற்றியும் அவள் வாயாலேயே கேட்ட அன்றைக்கே அவருக்குத் தெரிந்துபோயிற்று. வெளியே நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, எழுந்த சின்னக் கையை முழங்கையால் அழுத்திக்கொண்டு, பல்லை ஒடித்து, வேரை உள்ளேயே விட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்ட இளம் டாக்டர் அவர்தான்.

தையல் பிரிக்க வருவாள். அன்று மருந்தில்லாமல் முழு நினைவோடு இருப்பாள். முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொல்லவேண்டும். அவள் எப்படித் திட்டினாலும் நின்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

அது அவள் கண் முன்னால் செய்யவேண்டியது.

மடியில் கிடந்த வலது கையின் சுண்டுவிரல் நூலளவு எழுந்தது. பயமா, மயக்கத்தில் வந்த வெறும் துடிப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. நர்ஸின் முதுகு இந்தப் பக்கம் இருந்தது. விரலுக்கு உரியவளுக்கே அது எழுந்தது தெரியாது.

டாக்டர் பிடியைத் தளர்த்தினார். இடுக்கியை வெளியே எடுத்து, சத்தமில்லாமல் தட்டில் வைத்தார்.

விரல் இறங்கும்வரை காத்திருந்தார்.