நான்காவது சொல்

"பெங்களூரு ரோட்ல நாய் ஒண்ணு என் பஸ்ல அடிபட்டுச்சு" என்று வீட்டில் வந்து சொன்ன நாளிலிருந்து, பஸ் டிரைவர் ரிச்சர்டால் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியவில்லை. மனநல டாக்டர் சரியென்றால்தான் இனி வேலை.

அவர் வைக்கும் சோதனையில், திரையில் சொல் தெரிந்ததும் பட்டனை அமுக்க வேண்டும். பயந்த மனம் பயமூட்டும் சொல்லை முந்திக்கொண்டு பிடித்து, பட்டனைச் சீக்கிரம் அமுக்கவைத்துவிடும். அதனால் ஆண்டர்சன்பேட்டை வீட்டில் அந்தச் சொற்களைச் சீட்டில் எழுதிக் காட்டிப் பழக்கினாள் மனைவி சில்வியா.

"விபத்து, ரத்தம், பிரேக். இந்த மூணுக்கும் நிதானமா அமுக்குங்க. இன்னா, புரிஞ்சுதா? இந்த வேலையும் போனா அவ்ளோதான் நாம."

சோதனை முடிந்ததும் டாக்டர் முடிவைப் பார்த்தார். "நாலு சொல்லுக்கு மட்டும் தயங்கியிருக்கீங்க."

"மூணுதானே சார்?" சில்வியா உளறிவிட்டாள்.

"நாலாவது, குழந்தை."

சில்வியா கணவன் பக்கம் திரும்பினாள்.

"நாய்னுதானேங்க சொன்னீங்க?"