அலமாரியில் ரம்மேஜ்

அகராதித் தொகுப்பாளர் அலுவலகத்தில் இருந்தபோது மனைவியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. 'உங்க அலமாரியைத்தான் ரம்மேஜ் பண்ணிட்டிருக்கேன்.'

ரம்மேஜ் என்றால் ஒன்றுவிடாமல் துழாவித் தேடுவது. சட்டைகளுக்கு அடியில் அவர் ஒளித்துவைத்த உறை இந்நேரம் சிக்கியிருக்கும். அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு ஓடினார்.

அறையெங்கும் துணிமணி. நடுவில் மனைவி.

"கோவிச்சுக்காதே! டிரைவிங் டெஸ்ட்ல மூணு தடவையும் ஃபெயில். அந்த ரிசல்ட்டையெல்லாம் உறையில போட்டு உன்கிட்ட மறைச்சுட்டேன்" என்று மூச்சிரைக்கக் கொட்டிவிட்டார்.

மனைவி விழித்தாள். "ஃபெயிலா? நான் எதையும் தேடலீங்க. துணியை அடுக்கிட்டிருக்கேன்."

"ரம்மேஜ்னு போட்டிருந்தியே?"

"கப்பல்ல சரக்கை ஒழுங்கா அடுக்குறதுதான் அதுக்கு முதல் அர்த்தம், கலைச்சுப்போட்டுத் தேடுறதெல்லாம் பின்னால வந்ததுன்னு நேத்து என்னைச் சாப்பிடவிடாம சொன்னது யாரு?"

அவர் அசடு வழிந்தார். அவள் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்தாள்.

"மூணுதானா? நான் ஒரே தடவையில பாஸானேன்னு உங்ககிட்ட சொன்னது பொய்ங்க. ஆறாவது தடவை! வாங்க, மைதானத்துல நானே கத்துத்தரேன்."