முதல் விசிடி போதும்

மகள் யோகப்பிரியாவின் கல்யாண டிவிடியை நீட்டினார் அப்புசாமி. "விசிடியாக்கிக் குடுங்க தம்பி. ஊட்டுல பழைய பிளேயரு, இது ஓட மாட்டீங்குது."

அந்தக் கல்யாணத்தைப் படம் பிடித்தவரே கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோ பூபதிராஜாதான். "ரெண்டு விசிடி ஆகுமுங்க. மொதல்ல நலங்கு, ரெண்டாவதுல முகூர்த்தம்."

"மொதலாவதே போதும்."

மனுசர் இத்தனை கஞ்சனா என்றிருந்தது பூபதிராஜாவுக்கு. "ஏனுங்க, தாலி கட்டறதப் பாக்க வேண்டாமுங்களா? ரெண்டாவது சும்மாவே தாரனுங்க."

"வேண்டாந் தம்பி. பாக்கப்போறது யோகப்பிரியாதான். தாலியத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டா. மூஞ்சில சிரிப்பே இல்ல. நலங்குல எப்படிச் சிரிச்சோம்னு அவளே பாக்கட்டும்."

பூபதிராஜா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். படத்தில் நலங்கு முடிந்ததும் மாப்பிள்ளையின் கார் வந்து நிற்கும். அதற்கு முன்பே வெட்டினார்.