லேபிள் ஒட்டாத பாட்டில்

விருந்தினர் எல்லாருக்கும் தங்க லேபிள் பாட்டிலிலிருந்து ஷாம்பெய்ன் ஊற்றிக்கொண்டே வந்த மதாம் எர்மீன், மருமகளின் கோப்பைக்கு வந்ததும் அந்தப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

நேரே நிலவறைக்குப் போய் வேறொரு பாட்டிலோடு வந்தார்.

தூசி படிந்த மொட்டைப் பாட்டில். லேபிள் இல்லை, கழுத்தில் தங்கக் காகிதம் இல்லை, தக்கைகூட இல்லை. சோடா பாட்டிலுக்குப் போடுகிற தகர மூடி. பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மூடியைத் தட்டிவிட்டார். தலைகீழாக வைத்திருந்ததில் கழுத்துக்கு இறங்கியிருந்த கசடு நுரையோடு சீறிப் போனது. மிச்சத்தை மருமகளுக்கு ஊற்றினார்.

எனோரா ஒரு வாய் குடித்தாள். புளிப்பு நாக்கைச் சுண்டி இழுத்தது. விற்பனைக்குப் போகிற பாட்டிலில் கடைசியாகக் கொஞ்சம் சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள். இதில் அதுவும் இல்லை.

"என்னம்மா, உனக்கு மட்டும் தனிக் கவனிப்பா?" என்று நோட்டரியின் மனைவி சிரித்தாள்.

எனோரா கோப்பையைக் கீழே வைத்தாள்.

அன்று அனைத்துப் புனிதர் திருநாள். காலையில்தான் எல்லாருமாகக் கல்லறைக்குப் போய்ச் செவ்வந்தித் தொட்டி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஷாம்பெய்ன் செய்கிற வோக்ரான் வீட்டில், அன்றைக்கு ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு மதியச் சாப்பாடு உண்டு. எனோரா இந்த நாளில் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. கணவன் திபோ இருந்தவரை, இந்தத் திருநாளுக்கு ப்ரெஸ்ட் ஊரில் அவளுடைய அப்பாவின் கல்லறைக்குத்தான் இருவரும் போவார்கள். இந்த வருஷம் திபோவே இந்த ஊர்க் கல்லறையில் இருக்கிறான்.

கொண்டவன் துணையிருந்தால் கூரை ஏறிச் சண்டை போடலாம் என்பார்கள். கொண்டவன் போய்விட்டான். பிள்ளைகுட்டியும் இல்லை. இந்த வீட்டுக்கும் தனக்கும் இனி என்ன உறவு என்று ரயிலில் வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தவளுக்கு, பதில் கோப்பையிலேயே கிடைத்துவிட்டது.

எழுந்துவிட்டாள்.

"ரயிலுக்கு நேரமாயிடுச்சு, மதாம்."

"சாப்பாடே இன்னும் வரலையே."

"பசியில்லை."

மதாம் எர்மீன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். அதில் மூன்று வேலையாட்களுக்கு. அதனால் அவர் மேற்கொண்டு வற்புறுத்தாததில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பாட்டிலைக் கையில் பிடித்தபடியே மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"ரெஜிஸ், கொண்டுபோய் விடு."

ரெஜிஸ், மகள் க்ளோதிலின் கணவர். வோக்ரான் பெயரைச் சொல்லி ஊர் ஊராகப் போய் ஷாம்பெய்ன் விற்றுக் கொடுப்பவர். பாதி குடித்த கோப்பையை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

கார் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டியது. எனோரா பொறுக்க முடியாமல் ஆரம்பித்தாள்.

"நோட்டரிக்குத் தங்க லேபிள். பாதிரியாருக்குத் தங்க லேபிள். உங்களுக்கும்தான். எனக்கு மட்டும் கழிச்சுப் போட்ட சரக்கு. புருஷனைப் பறிகொடுத்தவதானே, எதைக் கொடுத்தாலும் குடிச்சுட்டுப் போவான்னு நெனச்சுட்டாங்க!"

ரெஜிஸ் காரின் வேகத்தைக் குறைத்தார்.

"திபோ உன்கிட்ட எதுவுமே சொன்னதில்லையா?"

"எதை?"

"அந்தப் பாட்டிலை. வருஷத்துக்கு ஒண்ணே ஒண்ணு, இன்னிக்கு மட்டும்தான் திறப்பாங்க. லேபிள், தங்கக் காகிதம், சர்க்கரை, இதெல்லாம் வாங்க வர்றவங்களுக்காகப் பண்ற அலங்காரம், எனோரா. வீட்டு ஆளுங்களுக்கு எதுக்கு? இருக்கிறது இருக்கிறபடி."

"வீட்டு ஆளுங்களுக்கா?"

"வோக்ரான்களுக்கு மட்டும். நீ பாட்டுக்கு எழுந்து வந்துட்டே. இல்லேன்னா பார்த்திருப்பே. உனக்கு அப்புறம் க்ளோதிலுக்கு, கடைசியா அவங்களுக்கு."

"எனக்கு ஏன் முதல்ல?"

"முதல் கோப்பை மூத்த பிள்ளைக்கு. திபோ வராத வருஷத்துலயும் ஊத்தி அவன் இடத்துல வெப்பாங்க, அந்தம்மா. அப்படியே இருக்கும், யாரும் தொட மாட்டாங்க. இன்னிக்கு அதைத்தான் உனக்கு ஊத்தினாங்க."

எனோரா முகத்தைப் பொத்திக்கொண்டாள். காலையில் கல்லறையில் வராத அழுகை இப்போது வந்தது. ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு வந்திருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். பாட்டிலும் கையுமாக நின்ற அந்த அம்மாளை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"வண்டியைத் திருப்புங்க, ரெஜிஸ்."

ரெஜிஸ் திருப்பினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவளுக்குக் கோபம் அவர் மேல் திரும்பியது.

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாம்ல? நான் குடிக்கிறப்போ என் கோப்பையையே முறைச்சுப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க!"

"முறைக்கலை."

"பின்னே?"

ரெஜிஸ் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது எப்படி இருக்கும்னு உன் முகத்துல தெரியுதான்னு பார்த்தேன். முப்பது வருஷமா இந்த வீட்டு மாப்பிள்ளைம்மா நான். எனக்கு இன்னிக்கு வரைக்கும் லேபிள் ஒட்டின பாட்டில்தான்."